தமிழ்ப் படங்களுக்குச் சென்னையில் ஒரு சந்தை

கோயம்புத்தூர் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் விற்பனையாளரின் ஒரு நாள் வாழ்க்கை. இப்படி ஒரு கதையைக் கோடம்பாக்கத்து அலுவலகங்களில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது எந்த உதவி இயக்குநருக்கும் தெரியும். திலீப்குமாரின் சிறுகதையை வைத்து அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ அதனால் வேறு வழியில் போனது. ராட்டர்டாம் திரைப்பட விழா நடத்தும் ஹூபர்ட் பால்ஸ் நிதி கைகொடுத்தது. நெதர்லாந்தின் ரிங்கல் ஃபிலிம் கூட்டுத் தயாரிப்பாளராகச் சேர்ந்தது. 2020இல் அதே ராட்டர்டாமில் டைகர் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட படம், ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதையும் பெற்றது.

அடுத்த ஆண்டே பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அங்கே டைகர் விருதை வென்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரையாகவும் போனது. ஆனால் தமிழ்நாட்டு ரசிகருக்கு அது 2023 அக்டோபரில் நேரடியாக ஓடிடியில்தான் கிடைத்தது. மேலூர் பக்கத்து வெயிலில் எடுத்த படத்தை மதுரைத் திரையரங்கில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

பங்காளியைத் தேடிக் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. படத்தோடு திரும்பி வந்தால் சொந்த ஊரில் திரை இல்லை. இந்த நிலையை மாற்றும் பொறுப்பு தமிழ்நாடு அரசுக்கும் தமிழ்த் திரையுலகத்துக்கும் உண்டு. சுயாதீனத் தயாரிப்பாளர்கள் திட்டத்தோடு வந்து, பணமும் கூட்டாளியும் விநியோகமும் பேசி முடிக்க, ஆண்டுதோறும் கூடும் சந்தை ஒன்று சென்னையில் அமைய வேண்டும்.

மற்ற ஊர்கள் இதை எப்போதோ செய்துவிட்டன. ராட்டர்டாமின் சினிமார்ட் 1983இல் தொடங்கியது. பூசான் விழா தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1998இல், ஆசியத் திட்டங்களுக்கான சந்தையும் தொடங்கியது. இந்தியாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007இல் கோவாவில் ஃபிலிம் பஜாரை நிறுவியது. அந்தக் கழகத்தின் திரைக்கதைப் பட்டறைக்குச் சென்று வந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ இந்திய, பிரெஞ்சு, ஜெர்மன் நிறுவனங்களின் கூட்டுத் தயாரிப்பாகி, 2013இல் கான் விழாவில் திரையிடப்பட்டு, உலகமெங்கும் வணிக ரீதியாக ஓடியது.

இப்படிப்பட்ட சந்தையில் நடப்பது என்ன? ஒரு சிறு மேசை. ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு சந்திப்பு. தயாரிப்பாளர் கையில் ஒரு பக்கக் கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, பட்ஜெட், எவ்வளவு திரட்டியாகிவிட்டது எவ்வளவு குறைகிறது என்று காட்டும் நிதித் திட்டம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஐரோப்பியத் தயாரிப்பாளர் கதையைக் கேட்டு ரசிப்பார். அடுத்து அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “உங்கள் நாட்டிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது?” அவருடைய நாட்டு நிதி அமைப்புகள் அவரிடம் அதையே கேட்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவரிடம் இதற்குப் பதில் இல்லை. பேச்சு அங்கேயே முடிகிறது. அல்லது கூட்டாளி கிடைத்தாலும் பேரம் பேசும் வலு இல்லாமல் தொடர்கிறது.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ இதற்குப் பெரிய சாட்சி. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கான் பிரதானப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் படம் அது. 2024இல் கிராண்ட் பிரீ வென்றது. பிரான்ஸின் பெத்தி கேயோ நிறுவனம் முன்னின்று, நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் கைகோத்து உருவான படத்துக்கு முதலீட்டின் பெரும் பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆஸ்கர் பரிந்துரை என்று வந்தபோது, இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போல இருக்கிறது என்று தேர்வுக் குழு கருதியதாக இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவர் சொன்னார். ரத்னகிரிக் கடற்கரையும் தாதர் ரயில் கூட்டமும் அந்தப் படத்தில் எவ்வளவு சொந்தமாக இருக்கின்றன என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கருத்து அநியாயமானது. மேலை நாட்டுப் பணம் மேலை நாட்டு ரசனையைத் திணிக்கும் என்ற அச்சம் உண்மையானதாகவே இருக்கட்டும். அப்படியானால் சொந்தப் பணத்தை முதலில் மேசைமேல் வைப்பதுதான் அதற்கு மருந்து.

தமிழில் இன்று சுயாதீனப் படங்களுக்கு இருக்கும் பெரிய ஆதரவு நட்சத்திரங்களின் நல்ல மனசு. ‘காக்கா முட்டை’க்கு வெற்றிமாறனோடு தனுஷ் வந்தார். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு விஜய் சேதுபதி, ‘கூழாங்கல்’லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும், ‘கொட்டுக்காளி’க்கு சிவகார்த்திகேயன். அவர்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஒரு நடிகரின் வீட்டுக் கதவு திறந்தால்தான் ஒரு படம் பிழைக்கும் என்றால், கதவு திறக்காத எத்தனையோ திரைக்கதைகள் அப்படியே மக்கிப் போகின்றன. செழியனின் ‘டு லெட்’ படத்தைத் தயாரிக்க அவர் மனைவிதான் முன்வர வேண்டியிருந்தது. தேசிய விருது பெற்ற அந்தப் படம் திரையரங்குக்கு வர 2019 ஆயிற்று.

பங்காளியும் பார்வையாளரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. 1976இல் ஷியாம் பெனகல் ‘மந்தன்’ எடுத்தபோது, குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் தலா 2 ரூபாய் போட்டார்கள். யோசனை வர்கீஸ் குரியனுடையது. திரண்டது ரூ.10 லட்சம். படம் வந்ததும் தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்க லாரி லாரியாக வந்தவர்களும் அவர்களே. 2024இல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவில் காட்டப்பட்டது. 1986இல் ஜான் ஆப்ரஹாமின் ஒடேசா இயக்கம் கேரளத்து ஊர் ஊராகப் போய் மக்களிடம் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்தது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தந்தவரும் அவர்தான். 2013இல் வெளியான கன்னட ‘லூசியா’வுக்காகப் பவன் குமார் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 50 லட்ச ரூபாய் திரட்டினார். தயாரிப்பாளர் கிடைக்காத அதே கதை பின்னர் தமிழிலேயே சித்தார்த் நடிக்க ‘எனக்குள் ஒருவன்’ ஆயிற்று.

கேரளம் இன்றும் வழிகாட்டுகிறது. பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் தலா ரூ.1.5 கோடி வரை அரசுக் கழகமே முதலீடு செய்கிறது. ‘பி 32 முதல் 44 வரெ’ அப்படி வந்த படம். 2024 மார்ச்சில் தொடங்கிய சி-ஸ்பேஸ் அரசு ஓடிடியில் ஒரு படம் பார்க்க ரூ.75. அதில் பாதி படத்தின் உரிமையாளருக்கு.

தமிழ்நாடு அரசு செலவழிக்காமல் இல்லை. குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்குத் தலா ரூ.7 லட்சம் மானியம் வழங்கி வந்திருக்கிறது. ஆனால் அது எடுத்து முடித்த படத்துக்கு. எழுதும் காலத்தில், கூட்டாளி தேடும் காலத்தில், கையில் காசில்லாமல் தவிக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எதுவும் இல்லை. பூந்தமல்லி அருகே ரூ.500 கோடியில் நவீனத் திரைப்பட நகரம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தளங்கள் தேவைதான். அந்தத் தொகையில் ஒரு விழுக்காடு 5 கோடி. அதில் 2 கோடியை எடுத்து இருபது திட்டங்களுக்குத் தலா 10 லட்சம் எழுத்து, வளர்ச்சி நிதியாகக் கொடுக்கலாம். ஹூபர்ட் பால்ஸ் நிதி இந்தக் கட்டத்துக்குத் தருவது 10,000 யூரோதான். அதுவே ‘நசீர்’ போன்ற படங்களை நடக்க வைத்தது. மீதிப் பணத்தில் சந்தையை நடத்தி, தேர்வான சில படங்களில் அரசே சிறுபங்கு முதலீட்டாளராகச் சேரலாம்.

மக்கள் பார்க்காத படங்களுக்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மக்களுக்கு அந்தப் படங்கள் காட்டப்படவே இல்லையே. படம் சிறிதோ பெரிதோ, டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணத்தைத் தயாரிப்பாளர் கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் தொடங்கி ஒன்றரை மாதம் புதுப்படங்களை நிறுத்தித் தயாரிப்பாளர் சங்கம் போராடியது அந்தக் கட்டணத்துக்காகத்தான். ஓடிடி நிறுவனங்களோ இப்போது முதலில் திரையரங்கில் ஓட்டிவிட்டு வாருங்கள் என்கின்றன. வளர்ச்சி நிதி பெற்ற படங்களுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குக் கட்டண விலக்கும், மாவட்டத் தலைநகரங்களில் நாளுக்கு ஒரு மாலைக் காட்சியும் உறுதி செய்யச் சங்கமும் திரையரங்க உரிமையாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக் காட்சியைக் கொடுத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்பது நியாயமில்லை.

சந்தையைத் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் டிசம்பரில் நடத்தலாம். சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வெளிநாட்டினர் வரும் காலம் அது. அங்கே கதையைத் தமிழில் சொல்ல அனுமதிக்க வேண்டும், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். பன்னாட்டுச் சந்தைகளில் பேச்சு மொழி ஆங்கிலம். ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் இயக்குநர் கதையால் அல்ல, ஆங்கிலத்தால் தோற்கிறார். தேர்வுக் குழுவில் ஆளுங்கட்சிக்கும் சங்கங்களுக்கும் இடம் இருக்கக் கூடாது.

அழைக்க வேண்டிய கூட்டாளிகளும் இருக்கிறார்கள். 2015இல் கான் தங்கப் பனை வென்ற பிரெஞ்சுப் படம் ‘தீபன்’ பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. அதில் நாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி. சிங்கப்பூரின் கே. ராஜகோபால் தமிழ்ப் பாத்திரத்தை மையமாக வைத்து எடுத்த ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் கான் விமர்சகர் வாரத்துக்குத் தேர்வானது. கோலாலம்பூர், டொரண்டோ, லண்டன், பாரிஸ் என்று தமிழ்ப் பார்வையாளர் பரவியிருக்கிறார்கள். இந்தியாவோடு கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் செய்திருக்கும் நாடுகளில் பிரான்ஸ், பிரிட்டன், கனடா மூன்றும் உண்டு. அந்த நாடுகளிலிருந்து தயாரிப்பாளர்களை வரவழைப்பதற்கான தொகை செய்தித் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.