சாட்சியின்றிச் சாகும் பணிகளுக்காக

திரையில் ஒரு பக்கம் உடைந்தால் பார்க்க ஒருவர் இருக்கிறார். பொத்தானை அழுத்தியவர் முகம் சுளிப்பார், திட்டுவார், புகார் எழுதுவார். "ரசீது சற்று நேரத்தில் மின்னஞ்சலில் வரும்" என்று நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்ட பிறகு, பின்னால் வரிசையில் நின்ற பணி செத்தால் அதைப் பார்க்க ஒருவரும் இல்லை. சர்வர் நலமாக ஓடுகிறது. ரசீது மட்டும் போய்ச் சேரவில்லை.

எங்களில் ஒருவர் வேலை பார்த்த இடத்தில் பதினொரு நாள் இப்படியே போயிற்று. பள்ளிக் கட்டண ரசீதை பிடிஎஃப் ஆக்கும் பணி, தமிழில் பெயர் எழுதியிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் விழுந்தது. புதிய சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. எக்செப்ஷனைப் பிடித்த வரி அதை லாகில் எழுதிவிட்டுப் பேசாமல் திரும்பியது. ஆகவே வரிசையின் கணக்கில் அந்தப் பணி வெற்றி. ஒரு தாய் மூன்றாம் முறை தொலைபேசியில் அழைத்து, "பணம் கட்டிட்டேனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அவர் கண்டுபிடித்துச் சொன்னார். இனி எந்தத் தாயும் எங்களுக்காக அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள்; அதற்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். தவறான சர்வரில் தரவுத்தளத்தின் கோப்புறை அழிக்கப்பட்டது. சரி, காப்புப்பிரதி இருக்குமே என்று சேமிப்பகத்தைத் திறந்தால் அது காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6; காப்பெடுக்கும் பணி இயக்கியதோ 9.2 பதிப்பின் கருவி. பதிப்பு பொருந்தாமல் அந்தப் பணி பிழையோடு நின்றுகொண்டிருந்தது. பிழையைத் தெரிவிக்க மின்னஞ்சல் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களில் கையொப்பம் இல்லாததால், போலி மின்னஞ்சலைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி அவை ஏற்கப்படாமல் போயின. பணி செத்தது; சாவுச் செய்தி கொண்டுபோனவனும் வாசலிலேயே தடுக்கப்பட்டான். சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் மிச்சத்தைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தாலும் போதாது. 2012 ஆகஸ்ட் 1 காலை, அமெரிக்கப் பங்குச்சந்தை திறக்கும் முன்பே நைட் கேப்பிடல் நிறுவனத்தின் கணினி ஒரு பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியது. அவை எச்சரிக்கை என்ற வடிவில் வரவில்லை. வந்தவுடன் படிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. சந்தை திறந்த 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள்.

ஆகவே நாங்கள் அறிவிக்கிறோம்: பின்னணிப் பணியின் தோல்வி லாகில் புதையவும் கூடாது, பொதுப் பெட்டியில் குவியவும் கூடாது. அது பிழை கண்காணிக்கும் சேவைக்குப் போக வேண்டும். சென்ட்ரியோ ரோல்பாரோ ஹனிபேட்ஜரோ, அதில் எங்களுக்குப் பிடிவாதமில்லை. ஆயிரம் முறை விழுந்த ஒரே பிழையை ஒன்றாகக் கட்டி, எந்த வெளியீட்டில் முதலில் தலைகாட்டியது என்று காட்டி, ஒரு மனிதரின் பெயரில் அதை ஒப்படைக்க முடிய வேண்டும். பெயர் இல்லாத பிழை யாருடையதும் அல்ல.

மறுமுயற்சி பற்றி எங்களுக்குள் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. பின்னணிப் பணி வரிசைகளை ஓட்டும் சைட்கிக் என்ற கருவி, நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், விழுந்த பணியை 25 முறை திரும்ப முயலும். அது முடிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஒவ்வொரு முறையும் அறிவித்தால் கூச்சல். கடைசியில் மட்டும் அறிவித்தால், இன்று உடைந்தது மூன்று வாரம் கழித்துத் தெரியவரும். எங்கள் முடிவு இது: வெளிச் சேவை நேரத்துக்குப் பதில் தராதது போன்ற, தானே சரியாகக்கூடிய பிழையைச் சில முயற்சிகள் வரை பொறுக்கலாம். நிரலின் குறை, பணம் தொடர்பான பணி இரண்டுக்கும் முதல் தோல்வியிலேயே அறிக்கை. எழுத்துரு இல்லாத சர்வரில் 25 முறை முயன்றாலும் எழுத்துரு முளைக்காது.

எக்செப்ஷனைப் பிடித்து விழுங்கும் வரியை நாங்கள் எழுத மாட்டோம். பிறர் எழுதினால் ஒப்புதல் தர மாட்டோம்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. நினைவகம் தீர்ந்து இயங்குதளமே பணியைச் செய்யும் வொர்க்கரைக் கொன்றால் அங்கே எக்செப்ஷனே எழாது, அறிக்கை எழுத ஆளும் மிஞ்சாது. க்ரான் வேலை தொடங்கவே இல்லை என்றாலும் அப்படித்தான். நடக்காத ஒன்று தன்னைப் பற்றி எப்படிச் சொல்லும்? அதனால் நேரம் குறித்து ஓடும் ஒவ்வொரு பணியும் முடித்தவுடன் "வந்தேன்" என்று வெளியே ஓரிடத்தில் பதிய வேண்டும். குறித்த நேரத்தில் அந்தக் குரல் வராவிட்டால் அதுவே தோல்வி, அதுவே எச்சரிக்கை.

அறிக்கையில் பணியின் பெயர், வரிசை, எத்தனையாவது முயற்சி, எந்தப் பதிவின் எண் எல்லாம் இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் தாயின் கைபேசி எண்ணும் ஆதார் எண்ணும் அதில் போகக் கூடாது. பிழையைத் தேடும் அவசரம் பிறர் வீட்டுக் கதவைத் திறக்கும் உரிமை ஆகாது.

மாதம் ஒருமுறை, வேண்டுமென்றே ஒரு பணியை விழச் செய்வோம். அன்று பொறுப்பில் இருப்பவரின் கைபேசி ஒலிக்கிறதா என்று காத்திருந்து பார்ப்போம். ஒலிக்கவில்லை என்றால் மற்ற வேலைகள் நிற்கும்.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. உங்கள் வரிசையில் செத்த பணிகளின் பட்டியலை இன்றே திறந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் காத்திருக்கும் ஆள் யார் என்று பாருங்கள். சைட்கிக்கில் அந்தப் பட்டியல் இயல்பாக ஆறு மாதம் அல்லது 10,000 பணிகள் வரைதான் வைத்திருக்கும். அதற்கு மேற்பட்ட பழையவை அழிந்துகொண்டிருக்கின்றன.