தேனீ வளர்ப்புக்குச் சங்கமே பள்ளி

தேனீ வளர்க்க விரும்புவோரின் தொகை நம் நாட்டில் பெருகி வருகிறது. வீட்டுக் கொல்லையில் இரண்டு பெட்டிகளை வைத்துக் குடும்பத்துக்கு வேண்டிய சுத்தமான தேனைத் தாமே எடுத்துக்கொள்ள எண்ணுவோரும், தென்னையிலும் முருங்கையிலும் பூசணியிலும் மகரந்தச் சேர்க்கை செவ்வனே நடந்தால் காய்ப்பு மிகும் என்று கேள்வியுற்ற விவசாயிகளும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மண்ணோடு சம்பந்தமுள்ள காரியம் ஒன்றில் ஈடுபட ஆவல் கொண்டோரும் இவர்களுள் அடங்குவர். இவர்கள் அனைவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: பெட்டி வாங்குவதற்கு முன் சங்கத்தில் சேருங்கள்.

ஒருநாள் பயிற்சிகளையோ நூல்களையோ குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திவரும் பயிற்சி வகுப்புகள் பலருக்கு இத்துறையின் வாயிலைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆயினும், ராணித் தேனீயையும் பணித் தேனீயையும் ஆண் தேனீயையும் படத்தில் அடையாளம் காண்பது வேறு. ஆயிரக்கணக்கான ஈக்கள் ரீங்காரமிடும் பெட்டியைத் திறந்து, அந்தக் குடும்பம் சுகமாயிருக்கிறதா, பசித்திருக்கிறதா, பிரிந்துபோக ஆயத்தமாகிறதா என்று நிதானிப்பது வேறு. முன்னது ஒரு பகலில் கைவரும். பின்னதற்கு ஓராண்டுக் காலச் சக்கரம் முழுவதும் அனுபவசாலி ஒருவரின் அருகில் நிற்க வேண்டும்.

இந்த உண்மையை நன்குணர்ந்த பிரதேசம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தபோது, 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே கிராமப் புனருத்தாரண நிலையம் ஒன்றை நிறுவியது. அதனை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்ஸர் ஹாட்ச், ஏழைக் குடியானவர்கள் பெரு முதலின்றி மேற்கொள்ளத்தக்க உபதொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பை ஊக்குவித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, திருச்சிராப்பள்ளியில் பணிபுரிந்த நியூட்டன் பாதிரியார், நம் நாட்டு அடுக்குத் தேனீயின் சிறிய உடலுக்கும் அளவான குடும்பத்துக்கும் ஏற்ற மரப்பெட்டியை வகுத்துத் தந்திருந்தார். பெட்டி இருந்தது, அதைக் கையாளும் வித்தையும் இருந்தது, இவ்விரண்டையும் ஊர்தோறும் கொண்டுசேர்க்க ஒரு சமூக சாதனம் தேவைப்பட்டது. 1930-களில் உருவான தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அத்தேவையை நிறைவேற்றியது. தேனுக்கு நியாயமான விலையும் தரக் கட்டுப்பாடும் கிடைத்ததோடு, புதிதாக வருபவன் யாரிடம் போய்க் கேட்பது என்று திகைக்க வேண்டாத நிலையும் அங்கே ஏற்பட்டது.

சங்கத்தில் கற்பது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். காலை வெயில் ஏறிய வேளையில், உலர்ந்த கதம்பை நாரைப் புகைப்பானில் இட்டு மூட்டி, வாசலில் இரண்டே முறை மெல்லப் புகை காட்டியபின், மூத்த அங்கத்தினர் மேல்மூடியை எடுக்கிறார். ஓரத்துச் சட்டத்தை முதலில் அகற்றி இடம் உண்டாக்கிக்கொண்டு, நடுச் சட்டத்தை ஈக்கள் நசுங்காதபடி நேராக உயர்த்துகிறார். ராணி தவறி விழுந்தாலும் மண்ணில் விழாமல் பெட்டிக்குள்ளேயே விழும்படி, சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே பிடித்திருக்கிறார். அருகில் நிற்கும் புதியவரான ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், "சாரே, வெயிலு உங்க முதுகுல படணும், வெளிச்சம் அறைக்குள்ள போகணும். இப்பப் பாருங்க, முட்டை தெரியுதா?" என்று கேட்கிறார். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. அடையைச் சற்றே சாய்த்ததும், அறையின் அடியில் நூலிழைத் துணுக்காய் நிற்கும் வெண்ணிற முட்டை கண்ணுக்குப் புலனாகிறது. அந்த முட்டையைக் கண்டுவிட்டால் ராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடுமாதலால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்பது நிச்சயம். ஓர் அறைக்கு ஒரு முட்டை என்றில்லாமல் பலவாகத் தாறுமாறாய்க் கிடந்தால், ராணியை இழந்த குடும்பத்தில் பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலையைப் போல ஓர் அறை தொங்கினால், புது ராணி உருவாகிறாள், குடும்பம் பிரியப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு. இவற்றையெல்லாம் நூலில் நூறு முறை படித்தாலும், பிரத்தியட்சமாக ஒரு முறை காணும்போது உண்டாகும் தெளிவு வராது.

ஓராண்டு வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் குடும்பங்களைப் பிரித்துப் பெருக்குகிறார்கள். தை பிறந்ததும், இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் தளிர்விட, இலைக்காம்பின் நுனியில் மூன்று இலைகளும் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் கசியத் தொடங்கும். இங்கு கிடைக்கும் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று, இந்தத் தளிர்களிலிருந்து வருவது. பங்குனி வரை நீடிக்கும் அப்பருவத்தில், அறைகளை ஈக்கள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஈரம் மிகுந்து, தேன் புளித்துக் கெடும். பின்பு மழைக்காலம். ஆனி, ஆடி மாதங்களில் வெளியே மதுரம் அருகிவிடும்போது சர்க்கரைப் பாகு கொடுத்துக் குடும்பத்தைக் காக்காவிட்டால், அடுக்குத் தேனீயின் சுபாவப்படி அது பெட்டியைத் துறந்து பறந்துவிடும். தேன் மிகுந்த மாதத்தில் ஆரம்பித்தவனுக்கு இப்பஞ்ச மாதங்களின் கஷ்டம் தெரியாது. பெட்டி காலியான பிறகு தெரிந்து பிரயோஜனமும் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு குரல் கொடுத்தால் வந்து பார்க்க ஆள் இருப்பதுதான் சங்கம் தரும் மிகப் பெரிய லாபம்.

சங்கம் வேண்டுமென்பதற்கு இன்னும் ஆழமான நியாயம் ஒன்று உண்டு. ஆடுமாடுகளை வேலிக்குள் அடைக்கலாம்; தேனீக்கு வேலி கிடையாது. என் பெட்டியின் ஈ அயலாரின் தோட்டத்தில் மேய்கிறது. அவர் அடிக்கும் பூச்சிமருந்து என் பெட்டியில் மரணமாய் வந்து சேர்கிறது. என் அசிரத்தையால் முற்றிய நோய் அவருடைய பெட்டிகளுக்கும் பரவுகிறது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து பைப்புழு வைரஸ் நோய் தென்னாட்டைத் தாக்கியபோது, புழுக்கள் நீர் கோத்த பைகளாய் அறைகளிலேயே மடிய, குமரியிலும் கேரளத்திலும் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. அத்தொழிலையே நம்பியிருந்த வீடுகள் பல வருமானம் இழந்தன. எஞ்சிநின்ற வலுவுள்ள குடும்பங்களைக் கொண்டுதான் தொழில் மீண்டும் தழைத்தது. இத்தகைய நோயை எந்தத் தனி மனிதனாலும் தன் வேலிக்குள் நின்று தடுக்க இயலாது. நோய்கண்ட பெட்டியை உடனே அறிவிப்பதும், அங்கிருந்து சட்டங்களை இடம் மாற்றாதிருப்பதும், பூத்திருக்கும் பயிருக்குப் பகலில் மருந்தடிக்க வேண்டாமென்று விவசாயிகளிடம் எடுத்துரைப்பதும், பலர் சேர்ந்து கட்டுப்பாட்டோடு செய்யத்தக்க காரியங்களாகும்.

இந்த நோக்கில் பார்க்கும்போது அரசாங்கத்தின் உதவிமுறையிலும் ஒரு மாற்றம் அவசியமாகிறது. மத்திய அரசு 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது போற்றத்தக்கது. ஆனால் பெட்டிகளை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு உதவி நின்றுவிடுமானால், காலிப் பெட்டிகள்தாம் நாட்டில் பெருகும். மானியத்தில் ஒரு பகுதி, புதியவர் ஒவ்வொருவருக்கும் ஓராண்டு வழிகாட்டும் மூத்த அங்கத்தினருக்கு ஊதியமாகச் செல்ல வேண்டும். வருஷத்தில் சில நாட்களே பயன்படும் தேன் எடுக்கும் எந்திரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுப்பதைவிடச் சங்கத்துக்கு ஒன்றாகக் கொடுப்பதே விவேகம். தேனின் ஈரத்தை அளக்கும் கருவியும், நோயைக் கண்டறிய உதவும் நிபுணரும் கூடச் சங்கத்தின் வழியாகவே கிராமத்தை எட்ட வேண்டும்.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. பழைய அங்கத்தினர்கள் தம் வித்தையைக் குடும்பச் சொத்தாக மறைத்து வைக்கலாகாது. பெண்களும் இளைஞர்களும் தயக்கமின்றி வந்து கேட்கும்படி வாசல் திறந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் தோட்டத்தில் கூடிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் எங்கெல்லாம் இல்லையோ அங்கெல்லாம் அதை ஏற்படுத்த வேண்டும்.

தேனீ வளர்க்க ஆசைகொண்ட வாசகரே, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சங்கம் இருந்தால் இந்த வாரமே சென்று பெயரைப் பதிவு செய்யுங்கள். இல்லையெனில், நாலைந்து பேராகச் சேர்ந்து, அனுபவமுள்ள ஒருவரை வேண்டி அழைத்துச் சங்கம் ஒன்றைத் தொடங்குங்கள். பிறருடைய பெட்டியருகே ஓராண்டு நின்று பழகியவர் தம் சொந்தப் பெட்டியை இழப்பது அரிது.