இரத்தம் சாட்சி சொல்ல வேண்டுமா?

"எல்லாம் மனப்பிரமை, நாலு வேலையை இழுத்துப் போட்டுச் செய்தால் தானாய்ப் போய்விடும்." உளச்சோர்வில் வாடும் ஒருவரிடம் இப்படிச் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? சொல்லிவிட்டு, நல்ல புத்தி கூறிய நிறைவோடு வீடு திரும்புகிறோம். காய்ச்சலில் கிடப்பவரிடம், "மனம் வைத்தால் சூடு இறங்கும்" என்று நாம் சொல்வதில்லை. காய்ச்சலை வெப்பமானி காட்டுகிறது. உளச்சோர்வைக் காட்ட ஏதுமில்லை என்பதே நம் துணிச்சலுக்குக் காரணம்.

அத்துணிச்சலை அசைக்கும் செய்தி, சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துள்ளது. நம் செல்கள் வெளியிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டே இயங்குகின்றன. செல்லின் வாயிலுக்கு வந்த செய்தியை உள்ளே சேர்ப்பிக்கும் தூதுவர்களுள் ஒன்று 'ஜி.எஸ். ஆல்பா' என்னும் புரதம். அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டும். அதனால் சைக்ளிக் ஏ.எம்.பி. உருவாகி, செல்லுக்குள் பணிகள் தொடங்கும்.

உளச்சோர்வில் இத்தூதுவர் செல் சவ்வின் கொழுப்புத் திட்டுகளில் சிக்கிக் கிடப்பதாக மார்க் ராசெனிக்கும் அவருடைய குழுவினரும் கருதுகின்றனர். உளச்சோர்வுற்றுத் தற்கொலையால் மாண்டோரின் மூளைத் திசுவில் இப்புரதம் அத்திட்டுகளில் மிகுந்திருந்ததை 2008-இல் வெளியிட்டனர். பின்னர் உயிருடன் இருப்போரின் இரத்தத் தட்டணுக்களை ஆராய்ந்தனர். நலமாயிருப்போரைவிட உளச்சோர்வுற்றோரின் தட்டணுக்களில் அந்நொதியின் தூண்டல் குறைந்திருந்தது. மருந்தால் தேறியவர்களிடம் அது உயர்ந்தது. இந்த முடிவுகள் 2022-இல் வெளியாயின.

பிரமை என்றோமே, தட்டணுவுக்குமா பிரமை? சோம்பல் என்றோமே, புரதமுமா சோம்பிக் கிடக்கிறது? நாம் கூறிய புத்திமதிகளுக்காக வெட்கப்படுவதே முறை.

எனினும், இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. இரத்தம் சொல்லிவிட்டது, இனி நம்புவோம் என்பது இரக்கமாகுமா? ஆராயப்பட்டவர்கள் சிலரே. தூதுவர் சிக்கியதால் சோர்வு வந்ததா, சோர்வினால் தூதுவர் சிக்கினாரா என்பதை இவ்வேறுபாடு மட்டுமே தீர்த்துவிடாது. நாளை ஒரு பரிசோதனை வந்து, ஒருவரது இரத்தத்தில் குறையில்லை என்று காட்டினால், அவருடைய கண்ணீரைப் பொய் என்போமா?

முன்பு செரோட்டோனின் குறைவே காரணம் என்று பல்லாண்டுகள் உறுதியாய்ப் பேசினர். அதற்குச் சீரான சான்று இல்லையென்று 2022-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறியது. உடனே, "அப்படியானால் இது நோயே இல்லை" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. விளக்கம் மாறலாம்; அதனால் வேதனை பொய்யாகிவிடுமா? மருந்தால் தேறியவர்கள் தேறவில்லை என்றாகிவிடுமா?

மேலும், எல்லாப் பழியையும் புரதத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் கை கழுவவும் முடியாது. கடனும் தனிமையும் இழப்பும் இல்லத்து வன்முறையும் மனிதரை நொறுக்குகின்றன. அவற்றில் நம் பங்கை எந்த நுண்ணோக்கியும் காட்டாது.

காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற தோமாவைக் குறைகூறும் நாம், அயலாரின் துயரை நம்புவதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் கேட்கிறோம். இரத்தத்தைச் சோதிப்பது ஆய்வாளர் பணி. அதை அவர்கள் செவ்வனே செய்யட்டும். குறுக்கிடாமல் கேட்பதும், தயங்குபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் பணி. அதற்கு எந்த ஆய்வின் முடிவுக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.