"தமிழில் யோசிக்காதே" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்



இங்கிலிஷ் படிப்பிக்கும் சக ஆசிரியர்களே, டியூஷன் சேர்மாரே, பெற்றோரே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கொமெண்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

நம் மலையகப் பாடசாலைகளில் இங்கிலிஷ் பாடத்தில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று இருக்கிறது: "தமிழில் யோசிக்காதே, அதனால்தான் பிழை விடுகிறாய்." இது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

ஒரு பிள்ளை "டிஸ்கஸ் எபவுட் த ப்ரொப்ளம்" என்று எழுதுகிறது. சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம். ஏன் என்று கேட்டால், "டிஸ்கஸுக்கு எபவுட் வராது, பாடமாக்கு" என்கிறோம். அந்த எபவுட் எங்கிருந்து வந்தது? "பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்" என்பதில் உள்ள 'பற்றி'யிலிருந்து. "கேள்விக்குப் பதில் எழுது" என்பதில் உள்ள 'கு'வை எடுத்து "ஆன்ஸர் டு த குவெஸ்சன்" என்று எழுதுகிறது. அங்கே ஆன்ஸர் பெயர்ச்சொல்லாக வந்தால் டு வேண்டும், வினையாக வந்தால் வேண்டாம். "பாட்டுக் கேட்டேன்" என்பதில் உருபு தெரியாததால் "லிஸன் டு"வில் டுவை விட்டுவிடுகிறது. இதில் மடத்தனம் எங்கே? பிள்ளை வழியோடுதான் கணக்குச் செய்திருக்கிறது, விடைதான் பிழைத்துவிட்டது. வழியைப் பார்க்காமல் விடையை மட்டும் வெட்டுகிறவர் நல்ல கணக்கு வாத்தியார் இல்லையே.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வினை தன் கூட்டாளியைத் தானே தெரிவு செய்யும். இது தமிழிலேயே இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்கிறோம், ஆசிரியரோடு பேசுகிறோம், ஆசிரியருக்குப் பயப்படுகிறோம், ஆசிரியரை மதிக்கிறோம். ஆள் ஒருவர்தான், உருபு நான்கு. ஏன் இப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. வினை கேட்டது, நாம் கொடுத்தோம்.

இன்னும் கிட்டப் பாருங்கள். ஒரு பிள்ளை "என்னை அடிச்சிட்டான்" என்று ஓடி வரும். நம் முஸ்லிம் பிள்ளைகள் பலர் "எனக்கு அடிச்சிட்டான்" என்பார்கள். சிங்களத்திலும் அந்த இடத்தில் 'மட்ட'தான், அதாவது 'எனக்கு'. அடி ஒன்று, உருபு வேறு. இங்கிலிஷ்காரர் மட்டும் ஒற்றுமையா? வார இறுதிக்கு பிரிட்டிஷ்காரர் 'அட்' போடுகிறார், அமெரிக்கர் 'ஒன்' போடுகிறார்.

அதனால் "நூறு ப்ரெபொசிஷன்" என்று போட்டோகொப்பி அடித்து விற்பதை நிறுத்துங்கள். ஒன் என்றால் மேலே, இன் என்றால் உள்ளே என்று பாடமாக்கிய பிள்ளை "டிபெண்ட் ஒன்" வரும்போது எதன் மேலே என்று தேடும். கொப்பியில் 'டிபெண்ட்' என்று தனியாக எழுத விடாதீர்கள். "டிபெண்ட் ஒன் – தங்கியிருத்தல்", "வெயிட் ஃபோர் – காத்திருத்தல்" என்று சோடியாகவே எழுதட்டும்.

அடுத்தது, அந்த மேல்கொக்கி, அப்பொஸ்ட்ரொஃபி. டீச்சர்'ஸ், டீச்சர்ஸ்', டீச்சர்ஸ். மூன்றும் காதுக்கு ஒன்றே. அதனால்தான் வெள்ளைக்காரரே இதில் தடுக்கி விழுகிறார்கள். தமிழிலோ ஆசிரியரின், ஆசிரியர்களின், ஆசிரியர்கள் என்று மூன்றும் காதிலேயே பிரிந்துவிடும். முதலில் 'கள்', பிறகு 'இன்'. இங்கிலிஷிலும் அதே வரிசை: முதலில் பன்மை, பிறகு கொக்கி. பன்மை எஸ்ஸில் முடிந்தால் கொக்கி மட்டும் போதும். சில்ட்ரன், விமன் போல எஸ் இல்லாத பன்மை என்றால் கொக்கியோடு எஸ்ஸும் வரும்: சில்ட்ரன்'ஸ் டே.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1854இல் தோட்டத் துரைமார் தொடங்கியது ப்ளான்டர்ஸ்' அசோசியேஷன். தொழிலாளருக்கு சிலோன் வொர்க்கர்ஸ்' கொங்கிரஸ். துரைமாருக்கும் தொழிலாளருக்கும் கொக்கி ஒரே இடத்தில்தான்! இரண்டிலும் ஆட்கள் பலர். "தொழிலாளர் காங்கிரஸ்" என்ற தமிழ்ப் பெயரில் 'உடைய' மறைந்து நிற்கிறது. வேற்றுமைத் தொகை என்று தமிழ்ப் பாடத்தில் படிப்பிக்கிறோமே, அதுதான். அதைப் பார்த்து மொழிபெயர்க்கிற பிள்ளை கொக்கியை விடத்தான் செய்யும். "யாருடைய காங்கிரஸ்? ஒருவருடையதா, பலருடையதா?" என்று கேளுங்கள். கொக்கி தானாக வந்து உட்காரும்.

"லிஸன் டு த வொர்க்கர்ஸ்' டிமாண்ட்ஸ்" என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டும் தெரியும்: லிஸனுக்கு டு வேண்டும், கோரிக்கை ஒருவருடையது அல்ல. சம்பளத்துக்குக் கடிதம் எழுதும் நாளில் இது சின்ன விஷயமா?

"கொழும்புப் பிள்ளைகள் இலக்கணம் படிக்காமலே பேசுகிறார்களே" என்பீர்கள். அங்கே பல வீடுகளில் இங்கிலிஷ் ஓடுகிறது. இறம்பொடையில் லயத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு நாளைக்கு 40 நிமிடப் பாடம் ஒன்றுதான். அந்த 40 நிமிடத்துக்கு அது கையில் கொண்டுவரும் ஒரே முதல் தமிழ். அதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். பிறகு ஓ/எல் பேப்பரை வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகும். அப்போது "இதுகளுக்கு இங்கிலிஷ் ஏறாது" என்று நாமே சொல்வோம்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். பேனர் அடிக்கும்போது கொக்கியை எங்கே போடுவது என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். ஏன் அங்கே என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் பேனரை அந்தப் பிள்ளையின் கையாலேயே கட்ட விடுங்கள்.