ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புழுக்கள் பிழைப்பது எப்படி? செசபீக் விரிகுடா தரும் எச்சரிக்கை

அமெரிக்காவின் மிகப் பெரிய கழிமுகம் செசபீக் விரிகுடா. ஒவ்வொரு கோடையிலும் அதன் ஆழமான பகுதிகளில் ஆக்சிஜன் சரிந்துவிடுகிறது. மீன் நீந்தித் தப்பிக்கும். சேற்றில் வளை தோண்டி வாழும் புழு என்ன செய்யும்?

ஆக்சிஜன் ஏன் குறைகிறது?

வயல்களில் போடும் உரமும் கழிவுநீரும் நைட்ரஜன், பாஸ்பரஸைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால் பாசி ஏகத்துக்கும் வளர்கிறது. அது செத்து அடியில் படிந்ததும், மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. மேலே லேசான ஆற்றுநீர், கீழே கனமான உப்புநீர் என இரண்டு அடுக்காக நிற்பதால், மேலிருந்து புதிய ஆக்சிஜனும் எளிதில் இறங்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் 'ஹைப்பாக்சியா'.

புழு எப்படிச் சமாளிக்கிறது?

முதலில், உடலை அலைபோல அசைத்து வளைக்குள் தண்ணீரை இழுக்கும். பல இனங்களுக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபினும் உண்டு. தண்ணீரில் கொஞ்சநஞ்சம் இருக்கும் ஆக்சிஜனையும் அது பிடித்துக்கொள்ளும்.

அதுவும் போதவில்லையா? போனில் 'பேட்டரி சேவர்' போடுவது மாதிரிதான். அசைவைக் குறைத்து, உடலில் சேமித்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்து ஆற்றல் எடுக்கும். ஆனால், இதில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. கோடை முழுக்க இப்படியே ஓட்ட முடியாது.

கடைசி வழி, வளையை விட்டு மேலே வருவது. இதில்தான் ஆபத்து. செசபீக்கில் கலக்கும் யார்க் ஆற்றுக் கழிமுகத்தில், இப்படித் திணறி வெளியே வரும் புழுக்களை மீன்கள் தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நாம் ஏன் கவலைப்படணும்?

புழுவின் வளைதான் சேற்றுக்கு ஜன்னல். அதன் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகும்போது, நைட்ரஜனின் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. ஜன்னல் மூடினால், சேற்றில் இருக்கும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் திரும்பத் தண்ணீருக்கே வரும். மறுபடியும் பாசிக்கு விருந்து!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்ட்ரெப்ளோஸ்பியோ போன்ற சின்னப் புழுக்கள் ஆயுள் குறைந்தவை, வேகமாகப் பெருகுபவை. ஆக்சிஜன் திரும்பியதும் முதலில் வந்துவிடும். ஆழமாக வளை தோண்டும் பெரிய, ஆயுள் அதிகமுள்ள இனங்கள் அவ்வளவு சீக்கிரம் மீள்வதில்லை. எனவே, சேற்றில் புழு நிறைய இருப்பதை மட்டும் வைத்து விரிகுடா நலம் என்று சொல்லிவிட முடியாது. எந்தப் புழு இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அடுத்து என்ன?

விரிகுடாவில் சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டலுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-ல் உச்சவரம்பு விதித்தது. அதற்கான நடவடிக்கைகளை முடிக்க வைத்த கெடு 2025. கழிவுநீர் சுத்திகரிப்பில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், நைட்ரஜன் இலக்கு எட்டப்படவில்லை. பாக்கி இருப்பதில் பெரும்பங்கு விவசாய நிலங்களிலிருந்து வருவது. அது குறையும்வரை, ஒவ்வொரு கோடையிலும் புழுக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.