போர்வையின் பின்புறத்தில் ஒரு பெயர்

போர்வைகளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகையாளனுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆனால் சென்ற ஆண்டு கனடாவில் தங்கியிருந்தபோது, ஒரு போர்வைக் கண்காட்சியின் விண்ணப்பப் படிவம் என்னை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெரியம்மாவின் மகள் ஒன்ராறியோ மாகாணத்தின் சிறு நகரமொன்றில் வசிக்கிறார். ஓய்வு பெற்ற பின்னர் 'குயில்ட்' தைக்கப் பழகிக்கொண்டார். குயில்ட் என்பது வெறும் ஒட்டுத்துணிப் போர்வை அன்று. அது மூன்று அடுக்குகளால் ஆனது. பல வண்ணத் துண்டுகளை வடிவொழுங்குடன் பொருத்தித் தைத்த மேல்துணி, இடையே பஞ்சுத் தகடு, அடியில் இன்னொரு துணி. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓடும் நுண்தையலே அதற்கு உறுதியையும் மேடுபள்ளமான அழகையும் தருகிறது. மேல்துணியைப் பொருத்துவது ஒரு வேலை. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு முதலாவதிலும் கூடுதலான காலம் பிடிப்பதுண்டு.

வட அமெரிக்காவில் சிறு நகரங்களிற்கூட இத்தகைய தையற்காரர்களின் சங்கங்கள் இருக்கின்றன. தேவாலய மண்டபத்திலோ பனிச்சறுக்கு அரங்கிலோ ஒரு வார இறுதியில் கண்காட்சி நடத்துவார்கள். சில மாதங்களுக்கு முன்னரே படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். போர்வையின் பின்புற மேல்விளிம்பில், கோல் செருகித் தொங்கவிடுவதற்காக ஒரு துணிக்குழாய் தைத்திருக்க வேண்டும். கீழ் மூலையில் தைத்தவரின் பெயர் எழுதிய துணிச்சிட்டை இருக்க வேண்டும். கண்காட்சியில் எவரும் போர்வைகளைத் தொடக்கூடாது. பின்புறத்தைப் பார்க்க விரும்பினால், வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டர் ஒருவர் வந்து மெல்லப் புரட்டிக் காட்டுவார்.

அக்கா இரண்டு மாரிகாலம் உழைத்து, முழுவதும் கையாலேயே ஒரு போர்வையை முடித்திருந்தார். படிவத்தை என் முன்னே வைத்தார். மேல்துணியைப் பொருத்தியவர் யார், அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தவர் யார், வடிவம் எந்த நூலிலிருந்து அல்லது எவரிடமிருந்து பெறப்பட்டது என்று தனித்தனியே கேட்டிருந்தார்கள். தனியொருவர் வேலைக்கு ஒரு பிரிவு, இருவர் சேர்ந்த வேலைக்கு இன்னொரு பிரிவு. பல சங்கங்களில் இத்தகைய பிரிவுகள் உண்டு என்று பின்னர் அறிந்துகொண்டேன்.

சிக்கல் இதுதான். விரல் மூட்டு வலியால் அக்காவினால் கரைப்பகுதியைத் தைக்க முடியாமற் போயிற்று. அவருக்கு இக்கலையைப் பழக்கிய, எண்பது வயது கடந்த அயல்வீட்டு மூதாட்டியே அந்த நான்கு கரைகளையும் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சங்கத்திலிருந்தும் எப்போதோ விலகிவிட்டவர்.

"தம்பி, அந்த மனுசியின்ரை பேரையும் போடத்தான் வேணுமோ? போட்டால் இது இரண்டுபேர் பிரிவுக்குப் போயிடும். அங்கை மெசினாலை தைச்சதுகளோடை போட்டி போடவேணும். அவ கேக்கவும் மாட்டா."

நான் உடனே பதில் சொல்லவில்லை. "கேட்கவும் மாட்டார்" என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது.

இக்கேள்வி குயில்ட் உலகத்துக்குப் புதிதன்று. 1933ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டி, சியர்ஸ் நிறுவனம் அமெரிக்கா முழுவதற்குமான குயில்ட் போட்டி ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. பெருமந்தக் காலம் அது. வேலையின்றி நாடே தவித்துக்கொண்டிருந்த வேளையில் முதற்பரிசு 1,200 டொலர். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரைச் சேர்ந்த மார்கரட் ரொஜர்ஸ் கேடன் என்ற பெண்மணி அதனை வென்றார். வென்ற போர்வை ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

கேடன் கைவேலைப் பொருட்களை விற்கும் வணிகம் நடத்தியவர். பரிசு பெற்ற போர்வையில் அவர் ஒரு தையலேனும் போட்டிருக்கவில்லை. அவரிடம் கூலிக்குத் தைத்த கென்டக்கிப் பெண்கள் சிலரே அதனை உருவாக்கினார்கள். பரிசுத் தொகையில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் வாய் திறக்கவும் இல்லை. திறந்தால் அடுத்த வேலை கிடைக்காது. பல தசாப்தங்கள் கழிந்த பின்னரே ஆய்வாளர்கள் இக்கதையை விரிவாக வெளிக்கொணர்ந்தனர். அந்தப் போர்வையோ இன்று எங்கே இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. பொருளும் போய்விட்டது, உரியவர்களுக்குப் பெயரும் கிடைக்கவில்லை.

இதற்கு மாறான கதையும் உண்டு. அலபாமா மாநிலத்தில் கீஸ் பென்ட் என்ற ஆற்றுவளைவுக் கிராமத்தின் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடுப்புகளையும் பழைய டெனிம் துணிகளையும் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் போர்வைகள் தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தவை அவை. 2002இல் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கியபோது, தைத்தவரின் பெயர் ஒவ்வொன்றின் அருகிலும் இருந்தது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை முத்திரைகளாகவும் வெளியிட்டது. 'கிராமியக் கைப்பணி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கியிருந்தால், அந்தப் பெண்களை இன்று எவர் அறிவார்?

எமது ஊரில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பனையோலைப் பெட்டியின் அடியில் விற்பனை நிலையத்தின் சிட்டை ஒட்டியிருக்கும். இழைத்தவளின் பெயர் இராது. மட்டக்களப்புக் கைத்தறிச் சேலையைப் புகழ்வோம். தறியில் இருந்தவரைக் கேட்கமாட்டோம். ஆனால் பிறரைக் குறை சொல்லுமுன் என் கணக்கை நான் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்தில் இருந்தேன். கிழக்கு மாகாணத்திலிருந்து எமக்குச் செய்தி அனுப்பிய பிராந்திய நிருபர்களுள் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பிரசுரமாகும் செய்திக்கேற்ப ஒரு சிறு தொகை, அதுவும் மாதங்கள் பிந்திக் கிடைக்கும். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நிவாரண அரிசி குறைத்து வழங்கப்படுவதை அவர் மூன்று நாட்கள் சைக்கிளில் அலைந்து விசாரித்தார். குடும்ப அட்டைகளைப் பார்த்து, கிடைத்த அளவையும் கிடைத்திருக்க வேண்டிய அளவையும் நிரைப்படுத்திக் கையெழுத்தில் பதினொரு பக்கங்கள் அனுப்பினார். நான் அதனைச் சுருக்கினேன், செப்பனிட்டேன், தலைப்பிட்டேன், முன்னுரை எழுதினேன். ஞாயிறு இதழில் அரைப்பக்கக் கட்டுரையாக என் பெயரில் வெளிவந்தது. பலர் பாராட்டினார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமை அவர் தொலைபேசியில் அழைத்தபோது, அவருடைய பாதுகாப்புக் கருதியே பெயரைத் தவிர்த்தோம் என்றேன். அது பாதி உண்மை. அந்நாட்களில் ஊரிலிருந்து எழுதுபவரின் பெயரை அச்சிடுவது அவருடைய உயிரோடு விளையாடுவதாக முடியலாம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்:

"பேர் வேணாம் தம்பி. 'எமது நிருபர்' எண்டாவது போட்டிருக்கலாமே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய பெயரை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த இடத்தில் என் பெயரை வைத்ததற்கு ஒரு காரணமும் இல்லை.

இதற்கு மறுப்புரைகள் உண்டென்பதை அறிவேன். திட்டமிட்டவரே படைப்பாளி, ஊசி பிடித்தவர் உதவியாளர் மட்டுமே என்பர் சிலர். கட்டடத்துக்குக் கட்டடக்கலைஞரின் பெயர்தானே, மேசனின் பெயரா என்பர். நியாயமான கேள்வி. அக்காவின் போர்வையில் வண்ணத்தெரிவும் வடிவமும் மேல்துணியும் அவருடையவை. அது அவருடைய போர்வைதான். ஆனால் கண்காட்சியின் நடுவர்கள் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. தையல் சீராக ஓடுகிறதா, மூலைகள் மடிப்பின்றி அமைந்தனவா, போர்வை கோணாமல் நேராகத் தொங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். கைத்திறனுக்குப் புள்ளி வழங்கப்படும் இடத்தில், எவருடைய கை என்பதை மறைப்பது புள்ளியைத் திருடுவதாகும்.

இயந்திரத் தையலைப் பற்றியும் இப்படியொரு சர்ச்சை இருந்தது. 1989இல் கென்டக்கியின் படூக்கா நகரில் நடைபெறும் பெரிய கண்காட்சியில், இயந்திரத்தால் தைத்து முடித்த போர்வையொன்று முதன்முறையாக உச்சப் பரிசை வென்றபோது, இனிக் கைவேலை அழிந்தது என்று வருந்தியோர் பலர். அழியவில்லை. இன்று நீண்ட சட்டத்தில் ஓடும் பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு, பிறர் பொருத்திய மேல்துணிகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்போர் இருக்கிறார்கள். அவர்களின் பெயரையும் படிவத்தில் எழுதச் சங்கங்கள் கேட்கின்றன. கையா இயந்திரமா என்பதிலும் பார்க்க, யார் என்பதை வெளிப்படையாகச் சொல்வது முக்கியமென அவர்கள் கண்டுகொண்டார்கள். எம்முடைய பத்திரிகைத் தொழில் இந்தப் படிவத்திடம் பாடம் படிக்கலாம்.

இன்னொரு சாரார், உதவியவரே விரும்பாதபோது எதற்கு இந்தப் பிடிவாதம் என்பர். விரும்பவில்லை என்பது வேறு, கேட்கவில்லை என்பது வேறு. வறுமையினாலோ வயதினாலோ கூச்சத்தினாலோ கேட்காதவர்களிடம்தான் நாம் வழமையாக எடுத்துக்கொள்கிறோம். ஆகையால் கேட்கும் பொறுப்பு பெயர் பெறப்போகிறவருக்கே உரியது.

அன்றிரவு நான் அக்காவிடம் அந்த ஆசிரியரின் கதையைச் சொன்னேன். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அவர் மறுநாட் காலை அயல்வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மூதாட்டி முதலில் சிரித்தாராம். பிறகு தம்முடைய பெயரின் சரியான எழுத்துகளை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தாராம். அக்கா போர்வையின் பின்புறச் சிட்டையைப் பிரித்தெடுத்து, இரண்டு பெயர்களுடன் புதிதாகத் தைத்தார். போர்வை இருவர் பிரிவுக்குப் போயிற்று. பரிசு கிடைக்கவில்லை. கரையின் தையல் மிக நேர்த்தியானது என்றும், நடுப்பகுதியின் தையல்கள் சற்று ஒழுங்கற்றவை என்றும் நடுவர்களின் குறிப்புத்தாளில் இருந்தது. அக்காவுக்கு மனத்தாங்கல்தான். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கைவேலைப் பொருளொன்றைக் கண்காட்சிக்கு அனுப்ப எண்ணும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. தயங்காமல் அனுப்புங்கள். கையால் தைத்தவை வராவிட்டால் அவற்றுக்கான பிரிவும் ஒருநாள் இல்லாமற் போய்விடும். ஆனால் படிவத்தை நிரப்புமுன், வேறெவருடைய கையும் அதில் பட்டிருக்கிறதா என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பட்டிருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

அந்த ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. அவருடைய பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டு அவருடைய மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் இசைந்தால், அந்தக் கட்டுரையை உரியவரின் பெயருடன் இதே பக்கத்தில் மீண்டும் பிரசுரிப்பேன்.