வழக்கு வந்தால் முதல் வாசல் எது?



உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். வீடு கட்ட எண்ணினால் கொத்தனாரை அழைக்கிறோம். ஆனால், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டால் மட்டும் நம்மில் பலர் வழக்கறிஞரைத் தேடுவதில்லை. 'ஆள் தெரிந்தவர்' யாரேனும் உண்டா என்று தேடுகிறோம். இப்பழக்கம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதை நான் அருகிலிருந்து கண்டேன். அதில் எனக்கும் பங்குண்டு என்பதால், மறைக்காமல் எழுதுகிறேன்.

சானமாவு காட்டை ஒட்டிய சாலைகளில், யானைகள் நடமாடும் மாதங்களில் இருட்டுவதற்குள் வீடு சேர எல்லோரும் விரைவார்கள். அப்படியொரு மாலையில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தையுடைய வண்டியும் இன்னொருவரின் வண்டியும் உரசிக்கொண்டன. ஓசூர் சிப்காட் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தவர் அவர். வாய்ச்சண்டை முற்றி, எதிர் வண்டியை மறித்து நின்று, கையையும் ஓங்கிவிட்டார். அடிபட்டவர் புகார் கொடுத்தார். வழிமறித்ததாகவும் சிறுகாயம் விளைவித்ததாகவும் வழக்குப் பதிவாயிற்று.

அன்றிரவு அவருடைய மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காவல் நிலையத்தருகே தேநீர்க் கடையில் ஒருவர், 15,000 ரூபாய் தந்தால் இரவே வெளியே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாராம். நானும் சிந்திக்கவில்லை, 3,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தனுப்பினேன். நள்ளிரவுக்கு முன் அவர் வீடு திரும்பினார். எல்லோரும் அந்தத் தரகரை வாழ்த்தினோம்.

பின்னர்தான் எனக்கு விளங்கியது: அவர்மீது சுமத்தப்பட்ட இரண்டுமே பிணையில் விடத்தக்க குற்றங்கள். அத்தகைய குற்றத்தில் கைதானவர் பிணை கொடுக்க முன்வந்தால், அவரை விடுவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. அதற்கு முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதையே சொன்னது. அவருக்கு உரிமையாக இருந்த ஒன்றை அவருக்கே விலைக்கு விற்றுவிட்டார் தரகர்.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார் தரகர். சம்மன் நாட்காட்டிக்குப் பின்னால் செருகப்பட்டது. குறித்த நாளில் அவரும் போகவில்லை, அவருக்காக யாரும் நிற்கவில்லை. நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்தது. பணி முடிந்து வெளிவரும் நேரத்தில், ஆலை வாசலில், சக தொழிலாளர்கள் பார்த்திருக்க அவர் அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"வழக்கு முடிந்துவிட்டது என்றுதானே ஹஜ்ரத், அன்று பணம் கொடுத்தோம்?" என்று அந்தச் சகோதரி கேட்டபோது என்னிடம் பதிலில்லை.

அதன்பிறகே நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகினோம். இலவசமாக ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். அவர் முதலில் வாரண்டை ரத்து செய்ய மனுப் போட்டார். அடுத்து, இவ்விரு குற்றங்களும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளத் தக்கவை என்று எடுத்துரைத்தார். அடிபட்டவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம். "முதல் வாரமே வந்திருந்தால் அன்றே முடித்திருப்பேனே" என்றார் அவர். வழக்கு முடிந்தது. போன வேலை மட்டும் திரும்பவில்லை.

சகோதரர்களே! இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமையுண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தந்த உரிமைகள். ஆகவே வீட்டாரின் முதல் வேலை, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று வழக்கறிஞரிடம் காட்டுவதே. எந்தெந்தப் பிரிவுகள், பிணையில் விடத்தக்கவையா அல்லவா, சமரசத்திற்கு இடமுண்டா என்பதை அதைப் படித்தவுடன் அவர் சொல்லிவிடுவார்.

வழக்கறிஞரை அமர்த்தும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். குற்ற வழக்குகள் நடத்திப் பழக்கமுண்டா? வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்த எண் என்ன? பிணைக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு? வாய்தா நாட்களில் தாமே வருவாரா, இளையவரை அனுப்புவாரா? கொடுக்கும் பணத்துக்கு ரசீது பெறுங்கள். வக்காலத்துப் பத்திரத்தைப் படித்து அறிந்து கையொப்பமிடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். 'விடுதலையானால் இவ்வளவு' என்று முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. 'நிச்சயம் விடுதலை' என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் உண்மையை முழுவதும் சொல்லுங்கள். தொழில் முறையில் நீங்கள் சொன்னதை அவர் வெளியிடலாகாது என்று சட்டமே காக்கிறது. மனம் ஒவ்வாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருக்கிறது.

பணமில்லையே என்று கலங்குவோர் கவனிக்கவும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்போருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச வழக்கறிஞரை அளிக்கிறது. ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலேயே உதவி கேட்கலாம்.

நம் பகுதிக்கென ஒரு சிக்கலும் உண்டு. அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகம். அங்கே பதிவாகும் வழக்கின் ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும்; அங்குள்ள நீதிமன்றத்தில் பழகிய வழக்கறிஞரே வேண்டும். வேறு மாநிலத்தில் வழக்குப் பதிவானாலும், அங்குள்ள நீதிமன்றத்தை அணுகுவதற்கான குறுகிய காலத்துக்கு, இங்குள்ள அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தக்க காரணமிருந்தால் இடைக்கால முன்பிணை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியுள்ளது.

இறுதியாக ஒன்று. 'தப்பு செய்தவனுக்கு வக்கீல் எதற்கு?' என்று நம் மஹல்லாக்களிலேயே கேட்பவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் ஏற்பட்டபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் வாதாடுவதில்லை என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. முகம்மது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று, இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 1792இல் தாமஸ் பெயினுக்காக வாதாடிப் பதவியிழந்த வழக்கறிஞர் எர்ஸ்கினையும் அத்தீர்ப்பு நினைவுகூர்ந்தது. ஊரே வெறுத்தாலும் ஒருவருக்காகப் பேச ஒரு நாவு இருக்க வேண்டும். இரு தரப்பையும் கேளாமல் சொல்லப்படுவது தீர்ப்பாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குப் பக்கத்தில், 15100 என்ற எண்ணையும் சட்டப் பணிகள் குழுவின் முகவரியையும் எழுதி வையுங்கள். இரவில் கதவைத் தட்டும் ஒரு சகோதரிக்கு நான் அன்று கொடுத்திருக்க வேண்டியது 3,000 ரூபாயை அல்ல. அந்த ஐந்து இலக்கங்களைத்தான்.

அல்லாஹ் நம் இல்லங்களை வீண் வழக்குகளிலிருந்து காப்பானாக! வந்துவிட்டால், நேரான வாசலைக் காட்டுவானாக! ஆமீன்.